ஏற்காட்டில் ரிசப்ஷன், சேலத்தில் கேக்: யாரிடம் ஆர்டர் கொடுப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மே மாதக் கடைசியில் தங்கைக்குக் கல்யாணம். காலையில் சேலத்தில் மாதா கோவிலில் திருமணப் பூசை, மாலை 5 மணிக்கு ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா புல்வெளியில் ரிசப்ஷன். 400 பேர், மூன்று அடுக்கு கேக். கையில் மூன்று பேர் இருக்கிறார்கள்: ஃபேர்லாண்ட்ஸ் பக்கம் ஒரு பெரிய பேக்கரி, வீட்டிலிருந்தே கேக் செய்து தரும் ஒரு பெண், பெங்களூரிலிருந்து வரவழைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் ஒருவர். இவர்களில் யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே 18 வருடம் கல்யாணக் கேக் செய்தவள். தோள்பட்டை வலி வந்ததிலிருந்து பெரிய ஆர்டர் எடுப்பதில்லை. அதனால் யாருக்கும் வேண்டியவள், வேண்டாதவள் என்றில்லாமல் சொல்ல முடியும்.

மூன்று பேரிடமும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கேக் மலைக்கு எப்படி வரும், கூட யார் வருவார்கள், எத்தனை மணிக்கு மேசையில் நிற்கும்?" விலை, டிசைன், ருசி எல்லாம் அப்புறம். டிசைனைக் கண் பார்த்துச் சொல்லிவிடும், ருசியை நாக்கு சொல்லிவிடும். கேக் ஏற்காட்டுக்கு முழுசாக வந்து சேருமா என்பது மட்டும் கேட்டால்தான் தெரியும். மலைக் கல்யாணத்தில் கெட்டுப்போன கேக்குகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் அடுப்பில் கெட்டவை அல்ல, வழியில் கெட்டவை.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. தொழில் தொடங்கிய நாலாவது வருடம் என்று நினைக்கிறேன். ஏற்காட்டில் ஒரு ரிசப்ஷனுக்கு மூன்று அடுக்கையும் வீட்டிலேயே ஏற்றி, அலங்காரம் முடித்து, கார் பின்சீட்டில் வைத்து இரண்டு பக்கமும் தலையணை அணைத்துக் கொண்டுபோனேன். கார் சீட் பின்பக்கம் சரிந்துதான் இருக்கும், அதை யோசிக்கவில்லை. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி தூரத்தில் ஒரு வளைவில் மேலிருந்து இறங்கிய பஸ்ஸுக்கு வழிவிட டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால் நடு அடுக்கு இரண்டு விரல் அளவு முன்னால் வந்திருந்தது. உள்ளே நிறுத்தியிருந்த குச்சிகள் சாய்ந்து கீழ் அடுக்கைக் கிழித்து, வெள்ளைக் கிரீமுக்கு நடுவே பழுப்பாகக் கேக் தெரிந்தது. அரை கிலோ கிரீமும் ஒரு கத்தியும் கையில் இருந்ததால் மெழுகி, அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன். பெண்ணின் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டோகிராபரிடம் போய், "தம்பி, இந்தப் பக்கமிருந்து மட்டும் எடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு தடவையும் அடுக்கி வைத்து மலை ஏற்றியதில்லை. ஒவ்வொரு அடுக்கும் தனிப் பெட்டியில், காரின் தரை மட்டமாக இருக்கும் இடத்தில், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டு வர வேண்டும். வண்டியில் கேக்கை ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அடுக்குவது, இடைவெளியை கிரீமால் அடைப்பது, பூ வைப்பது எல்லாம் மேலே போய்த்தான். கீழ் அடுக்குக்குள் கேக்கின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய குச்சிகள் ஐந்தாறு நிற்கும். அதன்மேல் அடுத்த அடுக்கு தன் அட்டையோடு உட்காரும். பாரம் குச்சியில் இறங்க வேண்டும், கேக்கில் இறங்கக் கூடாது. இதை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் பேனாவை வாங்கி உடனே வரைவார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

இந்தக் கேள்வியிலேயே பெங்களூர் கிட்டத்தட்ட கழிந்துவிடுகிறது. அங்கிருந்து சேலம் வரவே சுமார் 200 கிலோமீட்டர், நடுவில் தொப்பூர் கணவாய், அதற்குமேல் நம் மலை. அவர் அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து, தானோ தன் ஆளோ கூடவே வந்து நிறுத்தித் தருவாரென்றால் பேசலாம். டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றால் மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த விவரத்தை எடுத்துச் சொல்லுங்கள். நிச்சயம் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பங்களாவில் ஓவன் இருக்கிறது, அங்கேயே சுட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காட்டுக்குப் போனதும் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, தண்ணீர்கூட 95 டிகிரிக்கே கொதித்துவிடும். சேலத்தில் சரியாக வரும் அதே அளவு பேக்கிங் பவுடர் அங்கே மாவை வேகமாக உப்பவைத்து நடுவில் அமுங்க வைக்கும். மலையிலேயே வருடக்கணக்காகச் சுடுபவர்கள் அளவை மாற்றிப் பழகியிருப்பார்கள். கீழிருந்து ஒரு நாளைக்கு மேலே போகிறவருக்கு அந்தக் கைப்பழக்கம் இருக்காது.

சரி, கிரீமுக்கு வருவோம். நம் ஊரில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் முடிந்ததும் எல்லாக் கல்யாணமும் சரியாக வெயிலுக்குள் வந்து விழுகிறது. வெண்ணெய் 32, 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். வெண்ணெயில் செய்த கிரீம் ருசியில் ராஜா, ஆனால் அடிவாரத்தில் வண்டி அரை மணி நேரம் நெரிசலில் நின்றால் ஓரம் தளர ஆரம்பிக்கும். தாவர எண்ணெயில் செய்த விப்பிங் கிரீம் வெள்ளை வெளேரென்று இருக்கும், விலையும் குறைவு. அதையும் குளிர்ச்சியில் வைத்தே ஆக வேண்டும். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை உறை வெயிலைக் கொஞ்சம் தாங்கும். அதற்கு எதிரி ஈரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்து வழவழவென்று ஆகிவிடும், அடர்ந்த சிவப்பும் கறுப்பும் வழிந்து கறை படியும். ஏற்காட்டில் சாயங்காலம் மூடுபனி இறங்கினால் சர்க்கரையில் செய்த பூக்களின் இதழ் மடங்கித் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மேலே வெயில் பயம் குறைவு, ஈர பயம் அதிகம். உங்கள் பேக்கர் இரண்டையும் சேர்த்து யோசிக்கிறவராக இருக்க வேண்டும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூன்று பேரிடமும், கல்யாணத்துக்குப் போடப்போகும் அதே கிரீமில் அரை கிலோ கேக் காசு கொடுத்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மதியம் 2 மணிக்கு ஒரு துண்டை வெட்டி, ஏசி இல்லாத அறையில் தட்டில் வையுங்கள். 4 மணிக்குப் போய்ப் பாருங்கள். ஓரம் நிமிர்ந்து நிற்கிறதா, தட்டில் தண்ணீர் விட்டிருக்கிறதா, அடுக்குக்கு நடுவே இருந்த கிரீம் வெளியே பிதுங்குகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒரு சிட்டிகை கிரீமைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். வெண்ணெய் என்றால் உடம்புச் சூட்டுக்கே கரைந்து எண்ணெயாகும். டால்டா வகை என்றால் மெழுகு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, சோப்பில்லாமல் போகாது. வாயிலும் அப்படித்தான், மேலண்ணத்தில் படலம் போல நிற்கும். வெண்ணெய் விலை வாங்கிக்கொண்டு டால்டா போடுகிறவரை அந்த ஒரு சிட்டிகையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

என்னைக் கேட்டால் கீழ் அடுக்கைப் பிளம் கேக்காகவே வையுங்கள். இதை நான் மனசாரச் சொல்கிறேன். இப்போது பிள்ளைகள் ரெட் வெல்வெட், சாக்லேட் டிரஃபிள் என்று கேட்கிறார்கள், மேல் அடுக்குக்கு அவர்கள் ஆசைப்படியே போடட்டும். ஆனால் பாரம் தாங்குவதில், பயணம் தாங்குவதில், வெயில் தாங்குவதில் பிளம் கேக்குக்கு ஈடு கிடையாது. ஒரு நல்ல பிளம் கேக் துண்டை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ஆரஞ்சுத் தோல் வாசனை, பின்னாலேயே பட்டை, கிராம்பு, கடைசியில் காய்ச்சிய சர்க்கரையின் லேசான கசப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எசென்ஸ் ஊற்றியது குப்பென்று ஒரே வாசனையாக அடித்து, உடனே போய்விடும். "பழம் எப்போது ஊறப்போட்டீர்கள்?" என்று கேளுங்கள். உலர்திராட்சையும் முந்திரியும் தோலும் ரம்மில் ஒரு மாதமாவது ஊறியிருந்தால் துண்டு உதிராது, வெட்டும்போது கத்தியில் பழம் இழுபடாது. நான் ஏற்காடு ஆரஞ்சுத் தோலைத்தான் சர்க்கரைப் பாகில் காய்ச்சிப் போடுவேன். சீவிய தோலில் வெள்ளைப் பகுதியை எடுத்துவிட்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டால்தான் கசப்பு இறங்கும். ஒரு மதியமே போய்விடும் அந்த வேலையில். இந்த மாதிரி வேலையைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் முகம் மலர்ந்து பேச ஆரம்பித்தால் அவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளம் கேக்கில் இன்னொரு பெரிய வசதி, 400 பேருக்குப் பங்கிடுவது. ஆளுக்கு 50 கிராம் துண்டு என்றால் 20 கிலோ. மேசையில் நிற்கும் மூன்று அடுக்கையே 20 கிலோவுக்குச் செய்யச் சொல்லாதீர்கள். மேசைக் கேக் 5, 6 கிலோ போதும். மீதியைத் தட்டுக் கேக்காகச் சுட்டு, முதல் நாளே வெட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டுவிடலாம். கிரீம் இல்லாத பிளம் துண்டு கெட்டுப்போகாது. மொத்தமாக 22 கிலோவாகச் சொல்லுங்கள். டிரைவர்கள், பந்தி பரிமாறுகிறவர்கள், பாட்டுக் குழு, பங்குச் சாமியார் வீடு என்று கணக்கில் வராத கைகள் நிறைய இருக்கும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் நடு அடுக்கைத் தெர்மோகோல் டம்மியாக வைக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்தி எந்த அடுக்கில் இறங்கும் என்பதை மட்டும் முன்பே பேசிவிடுங்கள்.

ரம் போடுவதா என்பதை இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கேட்டு முடிவு பண்ணுங்கள். ரம் வேண்டாம் என்றால் ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைக்கலாம், ருசி மாறும், குறையாது. முட்டை சாப்பிடாத நண்பர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தனி நிறப் பெட்டியில் முட்டையில்லாக் கேக். இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. சில ஃபாண்டன்ட்டிலும் மார்ஷ்மல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. முட்டை போடாததால் மட்டும் சைவம் ஆகிவிடாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் பூ. இதை அழுத்திச் சொல்கிறேன். கேக்கில் நிஜப் பூ வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. நம் பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி ஏராளமாக விளைகிறது, மார்க்கெட்டில் ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் மலிவாகவும் அழகாகவும் கிடைக்கும். அவசரத்தில் அலங்காரம் செய்யும் பையன் அதில் நாலு கொத்தை எடுத்துக் கேக்கில் செருகிவிடலாம். அரளியின் பூ, இலை, தண்டு, பால் எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். கேக் மேசைக்கு அருகில்கூட வரக் கூடாது. ரோஜா வைப்பதானாலும் கடைப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள், காம்பைச் சுற்றி உறை போடாமல் கேக்குக்குள் செருகக் கூடாது. பூ யார் கொண்டுவருகிறார்கள், யார் வைக்கிறார்கள் என்று கேக் செய்பவரிடமும் மேடை அலங்காரக்காரரிடமும் சேர்த்து வைத்தே பேசிவிடுங்கள்.

போனில் காட்டும் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். இணையத்தில் எடுத்த படத்தைத் தன் கேக் என்று காட்டுவோர் உண்டு. மண்டபத்தில் மேசைமேல் நிற்கும் படம், வெட்டிய பிறகு உள்ளே தெரியும் படம் இரண்டையும் கேளுங்கள். சமீபத்தில் செய்துகொடுத்த இரண்டு வீட்டாரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டில் செய்பவராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், 14 இலக்க எண் இருக்கும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜுக்கு என்ன ஏற்பாடு, அதே நாளில் வேறு எத்தனை ஆர்டர் எடுத்திருக்கிறார் என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரிய பேக்கரியில் ஓவனும் ஜெனரேட்டரும் ஆளும் இருக்கும், அது அவர்கள் பலம். ஆனால் முகூர்த்த நாளில் உங்கள் கேக் அவர்களுக்குப் பத்தில் ஒன்று. நீங்கள் பேசிய மாஸ்டர்தான் கூட வருவாரா என்பதைப் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

காசு விஷயத்தில் ஒரே சொல்: கிலோ விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வண்டி வாடகை, மேலே வந்து நிறுத்தித் தரும் கூலி, ஸ்டாண்டு டெபாசிட், பெட்டி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையைத் தேதி, நேரம், எடை, கிரீம் வகையோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். கோவிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஈஸ்டருக்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் என் மனம் அந்த வீட்டுப் பேக்கர் பெண்ணின் பக்கம் போகிறது. நீங்கள் கேட்காமலே "மேலே மேசை எங்கே போடுவீங்க, வெயில் எந்தப் பக்கம் விழும்?" என்று அவர் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அதுதான் காரணம். குச்சி வரைபடமும் 2 மணிச் சோதனையும் சரியாக வந்தால் அவரிடமே கொடுங்கள். 20 கிலோவுக்கு அவர் வீட்டு ஓவன் போதாது என்றால் மேசைக் கேக்கை அவரிடமும், தட்டுக் கேக்கைப் பேக்கரியிடமும் பிரித்துக் கொடுக்கலாம், தப்பில்லை.

அன்றைய நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் கோடை விழாக் கூட்டம் இருக்கும். நெரிசலான நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி போலீசார் மாற்றிவிடுவதும் உண்டு. அதனால் கேக் வண்டி கல்யாண ஊர்வலத்தோடு வரக் கூடாது. காலை 6 மணிக்கெல்லாம் சேலத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், வெயிலும் இருக்காது, வண்டியும் இருக்காது. பங்களாவில் ஒரு ஃப்ரிட்ஜைக் காலி செய்து, அடுக்குப் பெட்டி உள்ளே நுழைகிறதா என்று ஒரு வாரம் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். புல்வெளியில் மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எறும்பு உங்களுக்கு முன்னால் வந்துவிடும். துணி தரையைத் தொடாமல் இருக்கட்டும், அதில் ஏறியும் வரும். 3 மணிக்கு உள்ளேயே அடுக்கி முடித்து, நாலரைக்கு மேல் வெளியே கொண்டுவந்தால் போதும்.

அந்தப் பேக்கர் பெண்ணும் உதவிக்கு வருகிறவரும் விடியற்காலை 3 மணிக்கே எழுந்து வேலையைத் தொடங்கியிருப்பார்கள், நடுவில் சாப்பிட நேரம் இருக்காது. பங்களாவில் சமையல் பார்ப்பவரிடம் அவர்கள் இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள், தம்பி.